நிழலில் பேசும் குரல்

முதல் குரலை ஏரிப் பெண்கள் ஒரு பொழுதுகூட விட்டுவைக்கவில்லை. சிரித்தே கொன்றுவிட்டார்கள்.

அது தலைநகரத்து வானொலியில் பேசுகிற ஒருவரின் குரல். எண்ணெய் தடவிப் படிய வாரியது போன்ற குரல். கானா நாட்டின் கிழக்குக் கடற்கரையில், கடலுக்கும் அக்லாமே என்ற ஊருக்கும் நடுவே கிடக்கிறது உப்பு ஏரி. தண்ணீர் வற்றி அடியில் உப்பு படிந்ததும் பெண்கள் முழங்கால் ஆழத்தில் இறங்கி, குனிந்து, கையால் உப்பைப் பெயர்த்துக் கூடையில் போடுவார்கள். மேலே வெயில். கீழே அந்த வெயிலைத் திருப்பி அடிக்கிற தண்ணீர். அப்படி நின்றவர்களின் மணிக்கட்டிலிருந்து அந்தக் குரல் அவர்கள் மொழியிலேயே பேசியது. அன்பார்ந்த தாய்மார்களே, உங்கள் உடல் வெப்பம் அளவைக் கடந்துவிட்டது, நிழலுக்குச் செல்லவும் என்றது.

ஒருத்தி கூடையை வைத்துவிட்டு அதே மாதிரி பேசிக் காட்டினாள். இந்த ஆள்தானே போன வாரம் சோப்பு வாங்கச் சொன்னான், இன்றைக்கு நிழலுக்குப் போகச் சொல்கிறான், நாளைக்கு இவனே வந்து என் உப்பை வாருவானா என்று இன்னொருத்தி கேட்டாள். வெயில் இறங்குவதற்குள் பாதிப் பேர் கைப்பட்டையைக் கழற்றிக் கரையிலிருந்த வேப்பமரத்தில் மாட்டியிருந்தார்கள். மரத்தின் உடல்நலம் மிக நன்றாக இருப்பதாகச் சென்னைக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது.

கைப்பட்டைகளைக் கொண்டுவந்து கட்டியவள் சேர்மக்கனி. சென்னைக் கம்பெனியின் தொழில்நுட்ப ஆள். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா ஆதிலிங்கம் இன்னும் அங்கே உப்பு வாருகிறார். அம்மா பூரணமும் வாரியவள்தான். முதலில் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள், செத்துப்போனாள். உப்பளத்துக்காரர்களுக்கு அது புதுவகைச் சாவு இல்லை. உடம்பு வெயிலில் வற்றி வற்றி, ஒருநாள் உள்ளே இருக்கிற வடிகட்டி நின்றுபோகும். கனி இந்தக் கம்பெனியில் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான். நேர்காணலில் அதைச் சொல்லவில்லை. மின்னணுவியல் பிடிக்கும் என்று சொல்லிவைத்தாள்.

ஏரியில் அவளுக்கு மேலே இருந்தது கம்பெனி இல்லை, டாக்டர் மாக்கு. ஊர் ஆஸ்பத்திரியின் மருத்துவர். இந்தக் கைப்பட்டை ஆராய்ச்சியும் அவளுடையது. அவள் அம்மாவும் சித்திகளும் இதே ஏரியில் உப்பு வாரியவர்கள். கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோதே நிபந்தனை வைத்துவிட்டாள்: இங்கே என்ன கேள்வி கேட்பது, கருவியில் எதை மாற்றுவது என்பதை உப்பு வாரும் பெண்களின் கூட்டம்தான் முடிவு செய்யும். வெளியிலிருந்து வந்த கருவிகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறை முழுக்க அவை கிடந்தன. அதில் ஒன்றுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கருவி சரியாத்தான் சொல்லுது டாக்டர்," என்றாள் கனி, மரத்திலிருந்து பட்டைகளை அவிழ்த்துக்கொண்டே. "ரத்தம் சூடேறுறதையும் வேர்வை மாறுறதையும் வச்சு, ஆள் சாயறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிரும்."

"சொல்றது சரி. சொல்ற ஆள்தான் சரியில்ல," என்றாள் மாக்கு. "வெயில்ல நிக்காதன்னு யார் சொன்னா நீ கேப்ப?"

கனி அவிழ்ப்பதை நிறுத்தினாள்.

அந்தக் கேள்வியைத்தான் அவர்கள் ஏரிக்குள் கொண்டுபோனார்கள். உப்புக் குடும்பத்துப் பெண்களே மாக்குவின் ஆட்கள். அவர்கள் கூடவே இறங்கி, உப்பு வாரிக்கொண்டே கேட்டார்கள்: யார் சொன்னால் கூடையைக் கீழே வைப்பாய்? அக்கா என்றாள் ஒருத்தி. புருஷன், ஆனால் முதல் புருஷன் என்றாள் ஒருத்தி. யார் சொன்னாலும் வைக்கமாட்டேன் என்றாள் ஒருத்தி, கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வந்து, அம்மா இருந்திருந்தால் வைத்திருப்பேன் என்றாள். கேட்டவரையில் பாதிக்கு மேல் செத்துப்போனவர்களின் பெயர்களாக இருந்தன.

எல்லாருடைய போனிலும் யாராவது ஒருவர் பேசி அனுப்பியது இருந்தது. கொஞ்ச நேரப் பேச்சு கிடைத்தால் போதும், அதே குரலில் புதிதாகப் பேசவைக்கிற வித்தை கம்பெனியிடம் இருந்தது. செய்யலாமா என்று பெண்கள் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். தேவாலயத்துப் பாடல் குழுவை நடத்துகிற அபிகாயில், செத்தவர்களைக் கருவிக்குள் கூப்பிடுவது பாவம் என்று எழுந்து போய்விட்டாள். ஏரிப் பூசாரியிடம் கேட்டார்கள். செத்தவர்கள் எப்படியும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இப்போதாவது உருப்படியாக ஏதாவது சொல்லட்டும் என்றுவிட்டார் அவர். தன் கருவியில் மட்டும் எந்தக் குரலும் வேண்டாம், மணி ஓசை போதும் என்ற உரிமையோடு அபிகாயிலும் திரும்பி வந்தாள்.

குரல் செய்கிற வேலைக்காகக் கனி சென்னைக்குப் போய்வந்தாள். முதலில் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டுமே, எதை வைத்துச் செய்வது என்று மேலாளர் பரிதி கேட்டபோது, தன் போனை நீட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, மகள் விடுதியில் இருந்த நாளில் பேசி அனுப்பியது அதில் இருந்தது. கம்பெனி மொட்டைமாடியில் உச்சி வெயிலில் பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காதில் வேர்வை வழிகிற நேரத்தில் கூப்பிட்டது: "ஏட்டி கனி, வெயிலு மண்டையப் பொளக்கு. வந்து நீத்தண்ணியக் குடிட்டி." சோதனைக்கு ஒரு தடவை போதும். அவள் அந்த வாரம் முழுக்க மொட்டைமாடிக்குப் போனாள்.

இரண்டாவது குரல் வேலை செய்தது. கேட்ட மாத்திரத்தில் பெண்கள் கூடையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுவிட்டுக் கரையேறினார்கள். கரையில் ஒவ்வொருத்திக்கும் ஓலைத் தட்டி சாய்த்த ஓர் இடம் உண்டு. அங்கே வந்து உட்கார்ந்து, தண்ணீர் பாக்கெட்டின் மூலையைக் கடித்து, முதல் வாயைத் தரையில் ஊற்றிவிட்டுப் பிறகு குடித்தார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. செத்தவர்களுக்கு ஊற்றிவிட்டுக் குடிப்பது அங்கே இருக்கிற வழக்கம்தான். கூப்பிட்டவள் வெறும் வாயோடு போகலாமா?

எச்சரிக்கை, கீழ்ப்படிந்தார், எச்சரிக்கை, கீழ்ப்படிந்தார் என்று சென்னையில் பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. பரிதி கேக் வெட்டிய படத்தைக் கனிக்கு அனுப்பினார்.

அந்தக் கேக் படம் வந்த வாரத்தில்தான் கோர்கோரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோர்கோர் நல்ல வேலைக்காரி. பேச்சு குறைவு. அவளுடைய மூத்த மகள் டெடே வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதலில் வாராவாரம் பேசினாள், பிறகு எப்போதாவது, பிறகு போன் நின்றுபோனது. அவளை அனுப்பிவைத்த ஏஜெண்டின் கடை இருந்த இடத்தில் இப்போது யாரோ முடிவெட்டுகிறார்கள். இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. கோர்கோரின் கைப்பட்டையில் இருந்தது டெடேயின் குரல்.

கோர்கோரின் சிறுநீரகம் நிற்கிற நிலையில் இருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற கருவியில் போட்டுவிட்டு, மாக்கு கனியின் அறைக்கு வந்து நின்றாள். கனி திரையைத் திருப்பிக் காட்டினாள். ஏரியிலேயே அதிக எச்சரிக்கை கோர்கோருக்குத்தான் போயிருந்தது. ஒன்றைக்கூட அவள் தட்டியதில்லை. உடனே உடனே கரையேறியிருக்கிறாள்.

"எல்லாரையும்விடச் சொல் கேட்டவங்க இவங்கதான் டாக்டர்."

"எல்லாரையும்விடச் சொல் கேட்டவ எதுக்கு என் வார்டுல கிடக்கா?"

கருவியில் கோளாறு என்று கனி நினைத்தாள். வேர்வை உணரியில் உப்பு ஏறியிருக்கும், மாற்றிவிடலாம் என்றாள். மாக்கு அதைக் காதில் வாங்காமல் ஏரிக்கு வண்டியை எடுத்தாள். கனியும் ஏறிக்கொண்டாள்.

கரையில் ஓலைத் தட்டிகள் வரிசையாக இருந்தன. மாக்கு ஒவ்வொன்றின் முன்னும் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லா இடத்திலும் உட்காருகிற பாய்க்கு முன்னால் மண் ஒரு கையகலத்துக்கு இறுகிக் கறுத்திருந்தது, நாள்தோறும் தண்ணீர் ஊற்றிய தடம். அபிகாயிலின் இடத்தில் மட்டும் இல்லை, அவளுக்குத்தான் மணி ஓசை. கோர்கோரின் இடத்துக்கு வந்ததும் மாக்கு குந்தி உட்கார்ந்தாள். மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. பாயைத் தூக்கினாள். அடியில் தண்ணீர் பாக்கெட்டுகள், ஒன்றுகூடக் கடிக்கப்படாமல், வெயிலில் உப்பி இருந்தன.

மாக்கு அதில் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"இவளால ஊத்த முடியல கனி. தரையில ஊத்தினா மக செத்துட்டான்னு இவளே சொன்ன மாதிரி. ஊத்தாம குடிக்கவும் மனசில்ல, பக்கத்துல எல்லாரும் ஊத்திட்டுக் குடிக்கிறாங்களே. அதனால சும்மா உக்காந்து எழுந்து போயிருக்கா."

கனிக்கு அது பாதிதான் என்று தோன்றியது. மீதி அவளுக்கு மொட்டைமாடியிலிருந்து தெரியும்.

மீதியைக் கோர்கோரே சொன்னாள், கட்டிலில் கையில் குழாயோடு படுத்தபடி, யாரையும் பார்க்காமல்.

"நிழல்ல உக்காந்தா அவ பேசமாட்டா. தண்ணி குடிச்சா அன்னிக்கு முழுக்கப் பேசமாட்டா. நான் விழப்போறப்பதான் கூப்பிடுவா. அதனால விழப்போற இடமாப் பாத்துப் போய் நின்னேன்."

"செத்துப்போயிருப்பீங்க," என்றாள் கனி.

"சிஸ்டர், நீங்க கட்டிவிட்ட கருவி. அது என்ன சொல்லிச்சுன்னா, நான் நல்லா இருந்தா என் மக வரமாட்டா. நான் அதைக் கேட்டேன், அவ்வளவுதான்."

கனி வெளியே வந்து பச்சைக் கோட்டை மறுபடி பார்த்தாள். இப்போது வேறு மாதிரி தெரிந்தது. கோர்கோர் ஒருத்தி மட்டும் இல்லை. எச்சரிக்கை மாதாமாதம் ஏறியவர்கள் நிறைய இருந்தார்கள். உடம்பு ஆறியதும் மறுபடி நடு ஏரிக்குப் போய், நேராக வெயிலுக்கு முகம் கொடுத்து நின்றிருக்கிறார்கள். கம்பெனி அதைக் கீழ்ப்படிதல் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஏரிக்கரையில் கூடியது. கோர்கோரை மூன்று சக்கர வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள், அவள் இல்லாமல் பேசக்கூடாது என்று மாக்கு சொல்லிவிட்டாள். குரலை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எடுக்கக்கூடாது என்று அதைவிடப் பலர் சொன்னார்கள். கோர்கோர் பட்டை கட்டிய கையை மடிக்குள் வைத்து மூடிக்கொண்டாள். யாராவது கிட்டே வந்தால் கடித்துவிடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"ஒரு தடவ ஏஜெண்ட் கூட்டிட்டுப் போனான். இப்ப நீங்க கூட்டிட்டுப் போறீங்க," என்றாள்.

கனி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அபிகாயில்தான் எழுந்து போய்க் கோர்கோரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று உப்பு வாரியவர்கள்.

"ஏய் கோர்கோர். உன் மக என்ன, எப்பவும் நெருப்புப் பிடிச்ச மாதிரி கத்திக்கிட்டேவா இருந்தா? எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். சும்மா நிழல்ல உக்காந்திருக்கறப்ப என்ன பேசுவா?"

கோர்கோர் பட்டையைப் பார்த்துச் சொன்னாள். "தலை பின்னிவிடச் சொல்லுவா. பின்னினா வலிக்குதும்பா. விட்டா, பாதியில விட்டுட்டியேம்பா."

எல்லாரும் சிரித்தார்கள். கோர்கோரும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் மூன்றாவது ஏற்பாடு வந்தது. ஆபத்து வந்தால் பிடித்த குரல் கூப்பிடக்கூடாது. நிழலில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, உடம்பு ஆறிய பிறகுதான் அது பேச வேண்டும். எச்சரிக்கை எதுவும் சொல்லக்கூடாது. அவர்கள் நிழலில் என்ன பேசுவார்களோ அதை மட்டும் பேச வேண்டும். என்ன பேசுவார்கள் என்பதைக் கட்டிக்கொள்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஆபத்துக்கு யார் குரல்? உப்பு லாரி தரகர் அசாரே என்று ஒரே சத்தமாகச் சொன்னார்கள். எடையில் கை வைக்கிற மனிதர். அவர் தலை தெரிந்தாலே உப்பைக் காப்பாற்றப் பெண்கள் எல்லாரும் கரைக்கு ஓடிவருவார்கள். அசாரேயிடம் கேட்டபோது தன் குரல் உயிர்களைக் காக்கப்போகிறது என்று நெகிழ்ந்துபோனார். பேசிப் பதியவைக்க இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

பரிதிக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். எச்சரிக்கை எண்ணிக்கையை வைத்துத்தான் அரசாங்கங்களும் காப்பீட்டுக்காரர்களும் கருவியை வாங்குகிறார்கள், அது விழுந்தால் எதைக் காட்டி விற்பது என்று கேட்டார். விழுவது நல்லதுதானே சார் என்றாள் கனி. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அங்கே ஒப்பந்தம் இருக்கிறது, தப்ப முடியாது, அங்கே மட்டும் மாற்றிக்கொள் என்றார். மற்ற இடத்துக்கெல்லாம் பழையதே போகும்.

"மத்த ஊர்லயும் இதேதான சார் நடக்கும்?"

"மத்த ஊர்ல யாரும் கேக்கலயேம்மா," என்றார் பரிதி.

மாற்றியது ஏரியில் நிலைத்தது. அசாரேயின் குரல் எப்போதாவதுதான் கேட்டது. கேட்டால் கெட்ட வார்த்தையோடு கரையேறினார்கள். கோர்கோரால் இனி ஏரியில் இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, பாக்கெட்டைக் கடித்து நேராக வாயில் வைத்துக் குடிப்பாள். தரையில் ஊற்றுவதில்லை. குடித்து முடித்ததும் கையைக் காதோடு வைத்துக்கொள்வாள். ஒருநாள் கனி கடந்து போகும்போது, கோர்கோர் கையைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தாள்: ஆடாம உக்காரு, அப்பதான் வலிக்காது.

அப்பாவிடமிருந்து போன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எப்போதும் கனிதான் கூப்பிடுவாள். அவராகக் கூப்பிட்டதும் பயந்துகொண்டே எடுத்தாள்.

"ஏட்டி கனி. ஒங்கம்மா வந்துட்டாட்டி."

குடித்திருக்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை. குரல் தெளிவாக இருந்தது, சின்ன வயசுக்காரர் மாதிரி இருந்தது. உப்பளத்துக்குக் கம்பெனி ஆட்கள் வந்தார்களாம், எல்லாருக்கும் கைப்பட்டை கட்டிவிட்டார்களாம். கனியின் அப்பா என்று தெரிந்ததும் பரிதி கையைப் பிடித்துக்கொண்டாராம். அவருக்கு மட்டும் தனியாக ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாதீர்கள், மகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றாராம்.

"எம்பேரச் சொல்லிக் கூப்புடலட்டி. 'ஏட்டி கனி, ஏட்டி கனி'ன்னு ஒன்னையத்தான் கூப்புடுதா. எனக்கென்ன. கொரலு அவ கொரலுதான."

"எப்பப்பா கூப்புடுதா?" கனிக்குத் தன் குரலே தூரத்தில் கேட்டது.

"அதான் சொல்லுதேன். தட்டுமேட்டுல கொட்டகைக்குள்ள உக்காந்தா வாயத் தொறக்க மாட்டேங்கா. பாத்திக்குள்ள எறங்கி நல்லா வாருனாத்தான் வாரா. இப்பம்லாம் சோத்து நேரத்துலயும் எறங்கிருதேன். கங்காணியே மெச்சுதான், இந்த வயசுல என்னமா வேல செய்யுதீருன்னு."

உடனே கழற்றுங்கள் என்று கனி கத்தினாள். ஏன் கழற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள், வேலை கிடக்கு என்று வைத்துவிட்டார்.

அவருடைய பட்டையை இங்கிருந்தே மாற்ற அவளால் முடியும். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும், போகட்டும். திரையைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது மாக்கு வந்தாள். நடந்ததை எல்லாம் கனி சொன்னாள். மாக்கு நின்றபடியே கேட்டாள்.

"அவர்கிட்ட கேட்டியா?"

"அவர் என் அப்பா டாக்டர்."

"அதனாலதான் கேக்கறேன். உன் அம்மா நிழல்ல என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

கனி யோசித்தாள். அம்மா பேசியதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெயில்ல திரியாத. தண்ணி குடி. படி. காலுல செருப்பப் போடு. எல்லாம் ஓடிக்கொண்டே சொன்னது. உட்கார்ந்து சொன்ன ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், அப்பா வீட்டில் இருந்தார். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். கோர்கோரைப் பற்றியும் சொன்னாள்.

"அப்ப அவ கூப்புடுதது நான் சாவப் போறப்பத்தானா?"

"ஆமாப்பா."

"அவளுக்கு யாராவது இப்பிடிக் கூப்புட ஆளு இருந்துதா," என்றார். கேள்வியாக இல்லை. "நானும் பக்கத்துப் பாத்தியிலதான் நின்னேன். குனிஞ்ச தலை நிமிரல."

கனி கேட்டாள். "அப்பா, அம்மா நிழல்ல உக்காந்தா என்ன பேசுவா?"

"அவ எங்கட்டி நிழல்ல உக்காந்தா?"

போனில் யாரோ தெருவில் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று கனி பார்த்தாள். இல்லை.

"ஒரேயொருக்க," என்றார் அப்பா. "நீ அப்ப கைப்பிள்ள. உப்ப அம்பாரமாக் குமிச்சு வச்சிருக்கு, கீத்து போட்டு மூடல. காலமில்லாத காலத்துல மழ பிடிச்சுட்டு. எல்லாரும் கீத்தத் தூக்கிட்டு ஓடுதோம். ஒங்கம்மா ஓடல. கொட்டகையில ஒன்னைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்துட்டா. என் வேட்டியப் பிடிச்சு இழுத்தா. 'கரையுறது கரையட்டும். செத்த நேரம் உக்காருங்க'ன்னா. மானம் இருட்டி, ஊரே நிழலாக் கெடக்கு. ரெண்டு பேரும் உப்பு கரையுறதப் பாத்துக்கிட்டே இருந்தோம். சிரிச்சாட்டி. அவ்வளவு கூலியும் போவுது, சிரிக்கா."

"அத வைக்கட்டுமாப்பா?"

"வையி," என்றார். பிறகு, "ஏங்கன்னு கூப்புடுவா. அதையும் சேத்துக்க," என்றார்.

அன்றே அப்பாவின் பட்டையை மாற்றிவிட்டு, அடுத்த நாள்களில் கனி தன் வேலையைச் செய்தாள். இன்னும் கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை, வரும். அப்பாவின் பட்டையிலிருந்து எச்சரிக்கை எதுவும் இல்லை. நல்லதற்கா, கழற்றி மாட்டிவிட்டாரா என்றுதான் தெரியவில்லை. உப்பளத்தில் மாட்டிவைக்க ஒரு மரம்கூடக் கிடையாது.

அவர் கூப்பிட்டபோது ஏரியில் அப்போதுதான் பொழுது ஏறிக்கொண்டிருந்தது. அங்கே உச்சி வெயில். போனில் காற்றும், யாரோ ஏசுகிற சத்தமும் கேட்டன.

"யாருப்பா அது?"

"கங்காணி. மணியாச்சு, எறங்கும்வேங்கான். கரையுறது கரையட்டும்லேன்னுட்டேன்."

அவர் கொட்டகையில் இருந்தார். வேறு சிலரும் இருப்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்துப் பாத்திக்காரி முத்துப்பேச்சி, ஆதிலிங்கத்துக்கு மட்டும் நிழலிலேயே பேசுகிறதே, எனக்கும் அப்படி வேண்டும் என்று கேட்டாளாம். அவளுக்குத் தம்பியாம், பட்டாசு ஆலை வெடியில் போனவனாம். அப்பா அவளைக் கேட்டாராம், தம்பி நிழலில் உட்கார்ந்தால் என்ன பேசுவான் என்று. பிறகு அடுத்தவனைக் கேட்டாராம். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"ஒங்க சாருக்கு இது தெரியணும்லா? எல்லாத்தையும் கேட்டுட்டுச் சேந்து வந்து சொல்லுதோம். அங்க அந்தப் பொம்பளையள்கிட்டக் கேட்டாவன்னா இங்க எங்ககிட்டயும் கேக்கட்டும்."

கனி எதையோ சொல்ல வாயெடுத்தாள். கம்பெனியைப் பற்றி, ஒப்பந்தத்தைப் பற்றி, தண்ணீர் குடித்தீர்களா என்று.

"செத்த சும்மா இருட்டி," என்றார் அப்பா, தணிந்த குரலில். "அவ பேசுதா."

போனைக் கைப்பட்டையின் பக்கத்தில் கொண்டுபோனார் போலிருக்கிறது. காற்றின் இரைச்சல் நின்றது. கனி ஏரிக்கரையில் நின்றபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் குரல் வந்தது. அவளைக் கூப்பிடவில்லை.